ஒப்பீட்டு ஆள்

புளியரை செக்போஸ்டிலிருந்து
நாலாவது கடை என்னுடையது.
பஞ்சர், காற்று, ரீட்ரெடிங்.
முப்பத்தோரு வருஷமாக
ஊரார் சக்கரத்துக்கெல்லாம் காற்றடித்துவிட்டு
எனக்கென்று பீடிப்புகையை வைத்துக்கொண்டவன்.

தங்கச்சி செண்பகவல்லி
ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.
என் சட்டையைக்கூட
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஊறப்போடுவாள்.
அவள் நெஞ்சில்தான் முளைத்தது.
இடது பக்கம், மேல் மடல்,
மூன்றரை சென்டிமீட்டர்.

"எனக்கு வரவேண்டியது, எனக்கு வரவேண்டியது" என்று
ஆரியங்காவு தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தேன்.
தென்மலைப் பாலத்தில் அவள் திரும்பினாள்:
"பார்சலாண்ணே அது, விலாசம் மாறி வர?
பேசாம வா."

திருவனந்தபுரத்தில், ஃபைல் அட்டையில்
அவள் பேர் மலையாளத்தில் இருந்தது.
கேரளப் பஸ் போர்டுகளில் படிக்கப் பழகியவள்
விரல் வைத்துக் கூட்டினாள்:
செம்பகவல்லி.
ஒரே ஒரு எழுத்து.
மலையைத் தாண்டினால் அப்படித்தான்,
மழையும் வாழையும்கூட
கடைசி ஐகாரத்தைச் செக்போஸ்டில் விட்டுவிட்டுப் போகும்.
பெய்வது பெய்யும், குலை தள்ளுவது தள்ளும்.
அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை,
அன்று வரை.

டாக்டர் பிரசீதா எங்களுக்காகத்
தமிழைத் தேடித்தேடிப் பேசினார்.
கட்டிக்குள் ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம்.
அது பிற்பாடு நேர்ந்த பிசகு, அதற்கு மாத்திரை உண்டு.
அதற்கும் முந்தி,
பிறக்கும்போதே ஆளுக்கு ஆள் மாறிவரும் எழுத்துகள் வேறு.
ஒருத்தர் உடம்பு நஞ்சைச் சுருக்காகக் கழுவும்.
ஒருத்தர் உடம்பு
கிழிந்ததைத் தைக்க நாளாக்கும்.

"ஒரே அப்பா அம்மாதானே டாக்டர்?"

"ஒரே சீட்டுக்கட்டு. கை வேற."

"அப்போ இதுதான் காரணமா?"

பேனாவை மூடித் திறந்தார்.
"காரணம்னு சொல்ல முடியாது. ஒரு சாய்வு."

எனக்கு டயர் புரியும்.
ஒரே லாரி, ஒரே ரோடு, ஒரே பாரம்.
இடது முன்சக்கரம் மட்டும்
உள்ளோரம் தேய்ந்து கம்பி தெரியும்.
டிரைவரைக் கேட்டால் சாமி மேல் சத்தியம் செய்வான்,
பள்ளத்தில் இறக்கவே இல்லை என்று.

வராந்தாவில் ஒரு பையன் படிவத்தோடு வந்தான்.
ஆராய்ச்சியாம்.
புகைத்தும் நோய் வராதவர் ரத்தம்
ஐந்து மில்லி வேண்டுமாம்.
நோயாளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க.
ஒப்பீட்டு ஆள் என்று என்னை எழுதிக்கொண்டான்.

"ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

"ஒரு... பத்து."

"நாப்பது" என்றாள் செண்பகவல்லி
இருமலுக்கு நடுவே.
"சரியாப் போடுங்க தம்பி. எடை எடையா இருக்கணும்."

எத்தனை வருஷம் என்பதையும் அவளே சொன்னாள்.
கட்டு என்ன விலைக்கு விற்றபோது ஆரம்பித்தேன் என்பதுகூட
அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"வீட்டுக்குள்ள வச்சுக் குடிப்பீங்களா?"

அதற்கு மட்டும்
அவள் வாய் திறக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ்
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது,
அதைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன்.
"மழைக்காலம் பூரா."

பையன் எதையோ டிக் அடித்தான்.
இவ்வளவு சின்னக் கட்டம்.

ரப்பர் பட்டையை இறுக்கி
நரம்பைத் தட்டி எடுத்தார்கள்.
ஒரே தட்டில் இரண்டு குழாய்,
அவளுடையதும் என்னுடையதும்.
நிறத்தை வைத்து ஒருத்தனும் பிரித்துச் சொல்ல மாட்டான்.

லேபிளைக் குனிந்து படித்துச் சொன்னாள்:
நயினார்.

என் பேரில்
ஒரு எழுத்தும் மாறவில்லை.